நம்பிக்கைக்குத் தேதி போடலாமா?

கேள்வி: பிப்ரவரி 3, இரவு 11.20

"விசுவாசத்தோடு ஜெபி, நடக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். பதினான்கு மாதமாக ஜெபம் உண்டு, உபவாசம் உண்டு, எரேமியா 29:11 சுவரில் தொங்குகிறது. போன வேலை போனதுதான். வீட்டில் படுத்த நோயாளி எழவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது "எல்லாம் சரியாகிவிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு இன்னொரு பெயரா? ஆறுதல் வார்த்தை வேண்டாம், நிறையக் கேட்டாயிற்று. நாளைக் காலை எழுந்து என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, காலை 6.15

சுவரில் தொங்குகிற வசனத்திலிருந்தே தொடங்குவோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். 11-ஐ வாசிக்கிறவர்கள் 10-ஐ வாசிப்பதில்லை: எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது. அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர் ஊர் திரும்பிப் பார்த்திருக்க வழியே இல்லை.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். எரேமியா சொன்ன முதல் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". கிண்டலோ இல்லையோ, அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்க வேண்டும். ஆனால் வந்த செய்தி வேறு. உங்களுக்குப் பதினான்கு மாதமாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் அனனியாவின் செய்தி. வசனத்தை மட்டும் எரேமியாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சீக்கிரத் தேதி எதுவும் கொடுக்காத அந்தக் கடிதம் வேலை கொடுத்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் (29:5-7).

நாளைக் காலைக்கு: சங்கீதம் 13. ஆறே வசனம், வாய்விட்டு வாசித்தால் ஒரு நிமிஷம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வரும். நான்கையும் விடாமல் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.05

"வாசித்தேன். அடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். அடுத்தது எழுதுவது.

புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பகுதி உண்டு: யாரிடம் பேசுகிறோம், என்ன குறை, என்ன வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு தாளில் நான்கு வரி. இப்படி:

ஆண்டவரே, இன்று செவ்வாய்.
பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. நீர் கேட்கிறீரா என்றே தெரியவில்லை.
வெள்ளிக்குள் பதில் வரட்டும். வராவிட்டால் இன்றிரவு நான்கு மணி நேரமாவது தூக்கம் கொடும்.
வேறு யாரிடமும் போகாமல் இதை உம்மிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் கெடுகிற இடங்கள் தெரிந்தவை. இரண்டாவது வரியில் கூச்சம் வந்து "உலகத்தில் எத்தனையோ பேர் கஷ்டப்படுகிறார்கள்" என்று பொதுவாக்கிவிடுவோம். சொந்தக் குறை உள்ளேயே தங்கிவிடும். மூன்றாவது வரியில் "ஆசீர்வதியும்" என்று மட்டும் எழுதினால் பதில் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. "நான்கு மணி நேரத் தூக்கம்" என்றால் காலையில் தெரிந்துவிடும். நேரத்துக்கும் எல்லை வேண்டும். பதினைந்து நிமிஷம், பகலில். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தால் ஒரே கவலையை அரைத்து அரைத்து மாவாக்குவதுதான் நடக்கும். புலம்பலுக்கு விலாசம் உண்டு, முடிவும் உண்டு. கவலை அரைப்பதற்கு இரண்டும் கிடையாது.

எருசலேம் எரிந்த பிறகு வந்த புலம்பல் புத்தகம் இதற்கு நல்ல சாட்சி. ஐந்து கவிதை. முதல் நான்கும் எபிரேய எழுத்து இருபத்திரண்டின் வரிசையில் கட்டப்பட்டவை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. அழுகையை அகரவரிசையில் போட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்து வந்தால் அன்றைய அழுகை முடிந்தது.

பிப்ரவரி 5, மதியம் 1.30

கீழே இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் "நம்பிக்கை இருந்தால் போதும்" என்கிறார், மற்றவர் "நம்பிக்கையும் விசுவாசமும் வேறு வேறு" என்கிறார். இருவரும் சரி. பைபிள்தான் வேறு வேறு.

பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒரே தமிழ்ச் சொல், ஒரு பைபிளில் இரண்டாவது இடத்தில், இன்னொன்றில் முதலிடத்தில். கிரேக்கத்தில் முதலாவது பிஸ்திஸ், இரண்டாவது எல்பிஸ். இந்த இழையில் நான் நம்பிக்கை என்று எழுதும்போதெல்லாம் எல்பிஸ், அதாவது எதிர்நோக்கு. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கிறது, முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் அதுவே சொல்லிவிடுவதால். ஆனால் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுத்துவிட்டு சொல்லை மட்டும் மாற்றினால் இன்னும் குழம்பும்.

பிப்ரவரி 7, காலை 7.00

4-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். நான்காவது வரி கட்டாயம் என்பதுபோல் எழுதிவிட்டேன். இல்லை. சங்கீதம் 13 ஐந்தாம் வசனத்தில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. சங்கீதம் 88 திரும்புவதே இல்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் ஒட்டவில்லை. நான்காவது வரி வராத நாளில் மூன்றோடு தாளை மடித்து வையுங்கள். வலுக்கட்டாயமாக எழுதிய துதி அடுத்த நாள் வாசிக்கும்போது பொய்யாகத் தெரியும், பிறகு எழுதவே பிடிக்காது.

பிப்ரவரி 10, இரவு 9.40

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் இது. 1 இராஜாக்கள் 19-ஐ ஒரு மருத்துவக் குறிப்பு வாசிப்பதுபோல் வாசியுங்கள். எலியா ஒரு நாள் பிரயாணம் நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவு கேட்கிறார். வந்த தூதன் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டார், படுத்தார். தூதன் இரண்டாம் முறை வந்ததும் மறுபடி சாப்பாட்டுக்குத்தான். "நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது ஒன்றே அவன் சொன்ன காரணம். அமர்ந்த மெல்லிய சத்தம் நாற்பது நாள் கழித்து, வேறு இடத்தில். பிரசங்கங்கள் அடையைத் தாண்டிக் குதித்து நேரே மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுகின்றன.

அதனால் வரிசை இதுதான்: முதலில் தூக்கம், சாப்பாடு, தண்ணீர். பிறகு ஜெபம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று பெயரிட்டு உபவாசத்தைக் கூட்டாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ஸ்பர்ஜன் (1834–1892) அவர் காலத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கேட்ட பிரசங்கி. அவருக்கும் மனச்சோர்வு இருந்தது, அதை மறைக்கவில்லை.

சாவு நினைப்பு வந்தால் அது வேறு கணக்கு. இந்த இழையை மூடிவிட்டு இப்போதே ஒருவரை அழையுங்கள்: வீட்டார், மருத்துவர், அவசர உதவி, யார் கிடைக்கிறார்களோ அவர். பக்கத்தில் இருப்பவர்களுக்கு: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தை வண்டியில் போகும்போது செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 11, காலை 6.50

மேலே ஸ்பர்ஜனைச் சொன்னது போதாது. அவர் பெயரைக் கேட்டால் "பார், அவர் மேலே வந்துவிட்டார்" என்று முடித்துவிடுவார்கள். வில்லியம் கூப்பரையும் சேர்க்க வேண்டும். 1731–1800, ஆங்கிலக் கவிஞர், ஜான் நியூட்டனோடு சேர்ந்து கீர்த்தனைகள் எழுதியவர். அவர் எழுதியதை மற்றவர்கள் பாடித் தேறினார்கள். அவரோ கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்திலேயே கடைசி வருஷங்களைக் கழித்தார். தேறிய கதையை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் தேறாதவர்களுக்கு உட்கார இடம் இருக்காது.

பிப்ரவரி 11, இரவு 8.15

தனிச்செய்தியில் வந்த இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில்.

மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள், "நிறுத்தினால்தான் விசுவாசம்" என்று. நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட மாற்றாதீர்கள். பவுல் "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). கூட ஊழியம் செய்தவர், குணமாகவில்லை, அதற்காக ஒரு குற்றச்சாட்டும் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னதும் இதே பவுல்தான். அவரே தன்னை வாட்டிய உபத்திரவம் ஒன்றை, "முள்" என்று அவர் சொன்னதை, நீக்கும்படி மூன்று முறை கேட்டு, முள் அகலாமல் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலைப் பெற்றார்.

அடுத்தது, கடன் வாங்கி "விதைப்பு" காணிக்கை கொடுத்தால் வேலை கிடைக்குமா என்பது. 2 கொரிந்தியர் 8:12: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும். கடன் பணம் "உள்ளது" கணக்கில் வராது. இதைவிட நீளமாக இதற்குப் பதில் தேவையில்லை.

பிப்ரவரி 16, மாலை 5.20

"தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார்" என்று மறுபடி ஒருவர் எழுதிவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் 1 கொரிந்தியர் 10:13-ல் இருக்கும் சொல் பாரம் இல்லை, சோதனை. அடுத்த வசனமே "விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள்" என்கிறது. பாவத்தில் விழச் சொல்லும் இழுப்பைப் பற்றிய பேச்சு. தப்பிப்போக ஒரு வாசல் இருக்கும் என்பது வாக்கு. நோயும் கடனும் அங்கே பேசப்படவில்லை.

பாரத்தைப் பற்றி அதே சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் பேசுகிறார்: "எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்", பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது (1:8). திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட விடமாட்டார் என்று எழுதிய அதே கை, பலத்துக்கு மிஞ்சிப் போயிற்று என்றும் எழுதுகிறது. அடுத்த வசனம் காரணத்தைச் சொல்கிறது: எங்கள்மேல் அல்ல, மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்க. பலம் தீர்ந்த இடத்தைக் கடிதத்திலிருந்து அவர் அழிக்கவில்லை. நொறுங்கிக்கிடப்பவரிடம் "உன்னால் தாங்க முடியும் என்பதால்தான் கொடுத்தார்" என்று சொன்னால், தாங்க முடியாமல் போனதும் அவர் தலையிலேயே விழுகிறது.

பிப்ரவரி 19, இரவு 10.30

பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள், இராப்பகல் ஏழு, வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள்.

இருபது நிமிஷம் போதும். நோயின் கதையை முதலிலிருந்து சொல்லவைக்காதீர்கள், அன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லியிருப்பார். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். மூன்று நான்கு வாக்கியம், அதில் உபதேசம் ஒளித்துவைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் பேசுவதுபோல் நோயாளிக்குப் புத்தி சொல்கிற ஜெபத்தை எல்லாரும் கேட்டிருக்கிறோம். "எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். "வியாழன் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை நான் பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்றால் வேலை நடக்கும். முதல் வாரம் வீடு நிறையக் கூட்டம் இருக்கும், ஆறாவது வாரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நாட்காட்டியில் ஆறாவது வாரத்தையும் மூன்றாவது மாதத்தையும், சாவு வீடாக இருந்தால் முதல் ஆண்டு நாளையும் இன்றே குறித்துவிடுங்கள்.

சாவு வீட்டில் "அழாதீர்கள், நாம் நம்பிக்கை உள்ளவர்கள்" வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்காதீர்கள் என்கிறது. செத்துப்போன லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே கண்ணீர் விட்டார்.

பிப்ரவரி 23, காலை 6.30

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "தேதியும் கிடையாது, குணமும் நிச்சயம் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?" இதற்குத்தான் மேலே இவ்வளவு சுற்று.

எபிரெயர் 6:19 நம்பிக்கையை நங்கூரம் என்கிறது. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் பழைய கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைச் செதுக்கிவைத்தார்கள். நங்கூரம் புயலை நிறுத்தாது, கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டும் போகாது. கண்ணுக்குத் தெரியாத அடித்தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வசனத்தில் அது பிடித்திருக்கும் தரை திரைக்குள்ளே, அதாவது கடவுளின் சந்நிதியில், இயேசு முந்திப் போயிருக்கும் இடம். ஆக எல்லாம் உயிர்த்தெழுதல் என்ற ஒரே சம்பவத்தில் கட்டியிருக்கிறது. அது நடக்கவில்லை என்றால்? பவுலே சொல்லிவிடுகிறார்: விசுவாசம் வீண், இம்மைக்கு மட்டும் நம்பியிருந்தால் எல்லாரிலும் பரிதாபத்துக்குரியவர்கள் நாம்தான் (1 கொரிந்தியர் 15:17-19). தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இருந்தால் இப்படி ஒரு பணயம் வைத்திருக்கமாட்டார்.

நாஜி ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோபர் 1943 ஏப்ரலில் கைதானார். நிச்சயதார்த்தம் ஆகி மூன்று மாதம்கூட முடியவில்லை. சிறையிலும் சங்கீதங்களை நாள்தோறும் வாசித்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 23 அன்று அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்துவிட்டது. பதினான்கு நாள். இதற்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. விடுதலையின் தேதியில் நம்பிக்கையைக் கட்டியிருந்தால் அந்தப் பதினான்கு நாளில் அது செத்திருக்கும் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 23, இரவு 9.10

காலையில் எழுதியது கொஞ்சம் பிரசங்கமாகிவிட்டது. அதையே சின்னதாக: சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவில் இருக்கும் சனிக்கிழமை. லூக்கா அதற்கு ஒரே வரி ஒதுக்குகிறார்: ஸ்திரீகள் கந்தவர்க்கத்தையும் பரிமளதைலத்தையும் ஆயத்தம்பண்ணிவிட்டு, ஓய்ந்திருந்தார்கள் (23:56). அவர்கள் தயார் செய்தது பிரேதத்துக்கு. ஞாயிறைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையில் இருந்த அடுத்த வேலையைச் செய்தார்கள், அதுவே அவர்களைக் காலையில் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டது. பதினான்கு மாதத்துச் சனிக்கிழமைக்கும் இதைத்தான் சொல்லத் தெரிகிறது: காலை எட்டு மணி மாத்திரை, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஒரு விண்ணப்பம் அனுப்புவது, நான்கு வரி.

பிப்ரவரி 25, காலை 7.10

குறிப்பேடு வைக்கலாமா என்ற கேள்விக்கு: வைக்கலாம். மூன்று பத்தி. தேதி, கேட்டது, நடந்தது. மூன்றாவதைத் தினமும் நிரப்பாதீர்கள், கடைக்கணக்கு ஆகிவிடும். மாதம் ஒரு முறை போதும். "இல்லை", "இன்னும் இல்லை" இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதி நடக்காததை விட்டுவிட்டால், ஒரு நாள் நீங்களே அந்த ஏட்டை நம்பமாட்டீர்கள்.

பிப்ரவரி 28, காலை 6.00

ஒழுங்காகச் சங்கீதம் வாசிக்க ஒரு வழி: தேதியின் எண், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போவது. 13-ஆம் தேதி என்றால் 13, 43, 73, 103, 133. மாதத்தில் 150-ம் முடியும். இன்று 28: 28, 58, 88, 118, 148. இருளில் முடிகிற 88-ம், சூரிய சந்திரரைத் துதிக்கக் கூப்பிடுகிற 148-ம் ஒரே நாளில். எந்த மனநிலையில் எழுந்தாலும் ஒன்று பொருந்தும், இன்னொன்று எரிச்சலூட்டும்.

ஆனால் ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லாதவருக்கு ஐந்து சங்கீதம் அதிகம். ஒன்று போதும். அதுவும் முடியாத நாளில் "ஆண்டவரே, இரங்கும்" என்று மூச்சோடு சொல்வது. சொல்லே வராத நாளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது: வாக்குக்கடங்காத பெருமூச்சு ஆவியானவர் செய்கிற வேலை, அதை நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை.

மார்ச் 1, காலை 6.20

நேற்றைய கணக்கில் ஓட்டை. பிப்ரவரி 28-ல் முடிந்துவிட்டதால் 29, 30 தேதிகளின் பத்துச் சங்கீதமும் விழுந்துபோயின. 119-ம் 150-ம் அதற்குள். 119-க்கு 176 வசனம், எப்படியும் 29-ஆம் தேதியில் மற்ற நான்கோடு சேர்த்து அடங்காது. அதை வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, நாளுக்கு எட்டு வசனமாக 22 நாளில் தனியே வாசியுங்கள், அந்தச் சங்கீதமே அப்படித்தான் பிரிந்திருக்கிறது. மிச்சத்தை மார்ச் 31-க்கு வையுங்கள்.

இன்னொன்று: பழைய இலத்தீன் எண் போட்ட புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு 13 என்பது 12, 88 என்பது 87. "நீங்கள் சொன்ன சங்கீதத்தில் எதுவரைக்கும் ஒன்றுமே இல்லையே" என்று ஒருவர் கேட்டதற்குக் காரணம் அதுதான்.